முதல் பீரியடுக்கு வந்த ஜீப்புகள்

போன வாரம் நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். உத்தமபாளையத்துப் பக்கம். தரம் பார்த்து கிரேடு போடும் குழு வருகிறதாம். அவர்கள் முன்னால் உட்கார ‘சாதித்த முன்னாள் மாணவர்’ ஒருவர் வேண்டுமாம். வேறு யாரும் சிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த கிரேடுக்காகவே ஒரு வருடமாக அங்கே ஆய்வுப் பிரிவு நடக்கிறது. ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், புள்ளியியல் ஆசிரியர் ஜோசப். பக்கத்துக் கல்லூரிகளை ரேங்க்கில் முந்த வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மனிதர் நிஜமென்று நம்பி, வருகைப் பதிவேடுகளை அலசிக் கண்டுபிடித்தே விட்டார்!

பிள்ளைகள் பாதியில் நின்றுபோகக் காரணம் பாடம் இல்லை... பஸ். சுருளிப்பட்டிப் பக்கமிருந்து வரும் டவுன் பஸ், முதல் பீரியடு முடியும்போதுதான் வந்து சேரும். தினமும் ஆப்சென்ட். கடைசியில் வருகை போதாதென்று ஹால் டிக்கெட் கிடையாது. கல்லூரி மணியை ஒரு மணி நேரம் தள்ளி அடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நிர்வாகம் என்ன செய்தது? மணியைத் தொட்டால் ஆசிரியர்கள் தேனிக்குத் திரும்ப இருட்டிவிடுமே! அதனால் குழு வந்த அன்று மட்டும், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பிடித்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதல் பீரியடு ஹவுஸ்ஃபுல்.

குழுத் தலைவர் வடநாட்டுக்காரர். கல்லூரி எப்படி இருக்கிறது என்று முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டார். சுருளிப்பட்டி செல்வி, இரண்டாம் வருடம். ஹால் டிக்கெட் மறுக்கப்படுவோர் பட்டியலில் அவள் பெயரும் இருப்பதாக ஜோசப் என் காதில் சொன்னார்.

“முதப் பீரியடு எப்புடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன் சார். ஜீப்பு அனுப்புனாக. நாளைக்கு பஸ்ஸுதான். நான் பரீட்சை எழுதணும் சார்” என்றாள்.

பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வர் அசரவில்லை. முதல் பீரியடு மறக்க முடியாத அனுபவம் என்கிறாள், தேர்வு எழுத ஆவலாக இருக்கிறாள் — என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தலைவர் புன்னகையோடு குறித்துக்கொண்டார்.

எனக்கும் ஆங்கிலம் தெரியும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்த கல்லூரியின் மானம், தோளில் பொன்னாடை, தட்டில் முந்திரி பக்கோடா... நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஜோசப் போன் செய்தார். நல்ல கிரேடு வருமென்று கல்லூரியில் ஸ்வீட் கொடுத்தார்களாம். பட்டியலையும் ஒட்டிவிட்டார்கள். செல்விக்கு ஹால் டிக்கெட் இல்லை.

அன்று சொல்ல வேண்டியதை இன்று எழுதிவிட்டேன் — தலைவருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில்!