விருமாண்டி முன்னால் கிளம்பாத கார்

முப்பது வயது தாண்டியும் சுருளிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரார் ஜாதகத்தைக் குறை சொன்னார்கள். அவன் தன்னையே குறை சொல்லிக்கொள்வான். "எனக்கு வாய் நீளம்ணே. பொண்ணு குடுக்க வாரவுகளுக்கு ஆளு தெரியறதுக்கு முன்னாடி வாய் தெரிஞ்சுருது."

நாகமலை புதுக்கோட்டையில் அப்பாவின் மானாவாரிக் காட்டைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, பஸ்ஸில் கிளீனராக இருந்து டிரைவரானவன் சுருளி. அந்த நாளில், அதாவது வெள்ளைக்காரன் இன்னும் இருந்த முப்பதுகளின் கடைசியில், மதுரையில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். காஜிமார் தெரு ஜவுளி வியாபாரி சேக் இஸ்மாயில் அவர்களில் ஒருவர். அவருடைய காரைத்தான் சுருளி ஓட்டினான். காரின் பெருமையை அவன் பேச ஆரம்பித்தால் முதலாளியே எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவனுக்குத் திருவாதவூர் அன்னக்கொடியைப் பேசினார்கள். கோயில் கூட்டத்தில் அவளை ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்ததிலிருந்து சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா விருமாண்டியோ உழுது பிழைப்பவர். காடு கழனியை விட்டுவிட்டு வந்தவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "கையில தொழிலாவது சுத்தமா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று தங்கச்சி சோணையம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் மதுரைக்கு வந்துவிட்டார்.

சேக் இஸ்மாயில் பெரிய மனசுக்காரர். "நம்ம வண்டியிலேயே அவங்கள ஊர்ல கொண்டு போய் விட்டுட்டு வா, சுருளி" என்றார். சுருளிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏறுங்க மாமா. இத மாடு கணக்கா அதட்ட வேணாம். கால வச்சா கெளம்பிரும்" என்று சொல்லி ஸ்டார்ட்டரை மிதித்தான். இன்ஜின் கரகரவென்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தான். அதே கரகரதான்.

"என்ன தம்பி, தூங்குதா?" என்றார் விருமாண்டி.

"பேட்டரி புதுசு மாமா. இந்தா பாருங்க." ஹாரனை ஓங்கி அமுக்கினான். தெருவில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஓடின.

"சத்தம் நல்லாத்தான் வருது. வண்டியக் காணோமே."

பெட்ரோல் வரவில்லை என்று குழாயைக் கழற்றி உறிஞ்சினான். வாய் நிறைய வந்தது. பெண் கேட்கப் போகும் வாய் மணக்க வேண்டாமா! பிளக்குகளைக் கழற்றிப் புது வேட்டியின் முனையால் துடைத்து மாட்டினான். முன்னால் கம்பியைச் செருகித் தோள்பட்டை கழலச் சுற்றினான். எதற்கும் மசியவில்லை. கடைசியில் தள்ளிப் பார்ப்பது என்று ஆயிற்று. விருமாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருமுனை வரை தள்ளினார். தன் மாமனாருக்கு இப்படி மரியாதை செய்த மாப்பிள்ளை மதுரைச் சீமையில் வேறு யாரும் இல்லை என்று சுருளி பிற்பாடு சொல்வான்.

நெருப்புப் பொறி வருகிறதா என்று மட்டும் அவன் பார்க்கவில்லை. முந்தின நாள்தான் பொறி பிறக்கும் சின்னப் பெட்டியைத் தன் கையாலேயே திறந்து துடைத்திருந்தான். தான் தொட்ட இடத்தில் பழுது இருக்குமா என்ற மிதப்பு. வேறு வழியில்லாமல் போனபோது முதலாளியை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொல்லி, பிளக் வயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தான். பொறியே இல்லை.

அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி வரும். அந்த முனைகளின் மேல் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம், நன்றாகக் காய்ந்து போயிருந்தது. முந்தின நாள் சக்கரம், விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், வண்டியின் உயிர் இருக்கும் இடத்தை விடலாமா என்று இங்கேயும் வைத்திருந்தான்.

அவன் முதுகு மறைத்ததால் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. ஒர்க்ஷாப்காரன் செய்த கோளாறு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் திரும்பினான். விருமாண்டி நெஞ்சில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"நாந்தான் மாமா. நேத்து சாமி கும்பிடயில இதுக்குள்ள சந்தனத்த வச்சுட்டேன். அதான் கெளம்பல."

சேக் இஸ்மாயில் சிரிப்பை அடக்க இருமினார். சோணையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். விருமாண்டி மட்டும் சிரிக்காமல் குனிந்து பார்த்தார்.

"மாட்டுக்கு நாங்களும் பொட்டு வைப்போம் தம்பி. நெத்தியில வைப்போம். கண்ணுக்குள்ள வைக்க மாட்டோம்."

சுரண்டித் துடைத்ததும் ஒரே மிதியில் கார் கிளம்பியது. ஒத்தக்கடை தாண்டியும் விருமாண்டி வெளியே வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்னக்கொடி கை நழுவிவிட்டாள் என்று சுருளி முடிவே கட்டிவிட்டான். இம்புட்டு நாள் அடித்த தம்பட்டத்துக்கு இது வேண்டும் என்று தன்னையே வைதுகொண்டு ஓட்டினான்.

திருவாதவூரில் இறங்கியதும் சோணையம்மாள்தான் வாயைத் திறந்தாள். "அண்ணே, நம்ம புள்ளயக் கேட்டு மொத வந்தவன் குடிச்சிருந்ததயே மறச்சான். இது பாவம், யாரும் கேக்காமயே சொல்லுது."

விருமாண்டி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பொண்ணு தாரேன் மாப்ள. ஆனா கல்யாணத்தன்னைக்கு இதுல மட்டும் வராத, முகூர்த்தம் தப்பிரும். நானே மாட்டு வண்டி அனுப்புறேன்."

சுருளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தை மாதம், மதுரை டிரைவர் சுருளி மாட்டு வண்டியில் உட்கார்ந்து போய்த்தான் அன்னக்கொடிக்குத் தாலி கட்டினான்.