சாவி வேண்டாம், பூட்டு மட்டும்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. ஒரே மயிலுக்கு ஒரு கம்பெனிக்காக நீலக் கழுத்தும் இன்னொரு கம்பெனிக்காகப் பச்சைக் கழுத்தும் வைத்துவிட்டு, இரண்டு பேரிடமும் “உங்களுக்குன்னே வரைஞ்சது” என்று சொல்லுமளவு அனுபவம் உண்டு. தீபாவளி முடிந்தால் சீசன் ஓய்ந்துவிடும். அப்படி ஓய்ந்திருந்த ஒரு சமயத்தில்தான் டாக்டர் எனக்கு இரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்து, மனதுக்கு இதமாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மற்றவர்கள் ரோஜாச் செடி வளர்ப்பார்கள். நான் யூடியூபில் முகம் காட்டாத ஒரு வெளிநாட்டுக்காரர் சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பதைப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல விலகி, பூட்டு தானாக மனம் மாறியதுபோல் திறந்துகொள்ளும். அலுவலகத்தில் யாரும் அப்படி மனம் மாறி நான் பார்த்ததில்லை. உடனே இரும்பு அறுக்கும் பழைய ஆக்சா பிளேடு ஒன்றை ராவி, ஊசி மாதிரி ஒன்று செய்துகொண்டேன்.

வீட்டிலிருந்த பூட்டுகளெல்லாம் சீக்கிரமே என்னிடம் தோற்றுவிட்டன. புதுப் பூட்டு வாங்க விருதுநகரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். “எந்தக் கதவுக்கு அண்ணாச்சி?” என்று கடைக்காரர் அன்பாகக் கேட்டார். கதவுக்கு இல்லை, சாவி இல்லாமல் திறந்து பழக என்று உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு அவர் கல்லாப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. விலையும் நம் சம்பளத்துக்கு ஒத்துவராததாக இருந்தது. ஒரு பூட்டைத் திறந்து முடித்துவிட்டால் அது தெரிந்த முகமாகிவிடும்; அடுத்தது வேண்டும். ஆக, பழைய பூட்டுதான் வழி.

ரயில்வே லைன் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. நடத்துவது ஒரு அம்மாள். தராசுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ஊரில் யார் வீட்டில் எது உடைந்தது என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவர்.

“பழைய பூட்டு இருக்காம்மா?”

“கெடக்கு, அங்கன. ஆனா ஒண்ணுக்கும் சாவி கெடையாது.”

“சாவி வேண்டாம்.”

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “சாவி இல்லாத பூட்டு ரெண்டு பேருக்குத்தான் வேணும். நீங்க போலீசு மாதிரி தெரியல.”

பொழுதுபோக்கு என்று விளக்கினேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். “எந்த டாக்டரு? எனக்கும் முட்டி வலிக்கு” என்றார். ஆனாலும் எடைக்குப் போட்டுக் கொடுத்தார். சாவியோடு சேர்ந்து மானத்தையும் விட்டுவிட்டு ஒரு பை நிறையப் பூட்டோடு பஸ்ஸில் வந்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு வாடிக்கையாளர். நல்ல பூட்டாக வந்தால் தனியே எடுத்து வைப்பார். போன் நம்பரும் தெருவும் கேட்டு வாங்கிக்கொண்டவர், என் பெயரைக் கேட்டதே இல்லை. கேட்டுவைக்காமல் இருப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம்.

ஒரு முறை எம். புதுப்பட்டியில் மூடிவிட்ட ஒரு பட்டாசுக் கம்பெனியின் சாமான்கள் அந்தக் கடைக்கு வந்தன. அதில் கனமான பித்தளைப் பூட்டு ஒன்று. வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்று சாயங்காலமே சமையலறை வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, ஊசியை உள்ளே விட்டேன். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக ஏதோ உதிர்ந்தது. பழைய தூசி கூட எவ்வளவு அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பட்டாசு ஆலைகள் நிறைந்த தாயில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திரும்பிப் பார்த்தவள் முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், “கையை அசைக்காம அதைக் கீழ வெச்சுட்டு எந்திரிங்க” என்றாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எழுந்தேன். வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பூட்டையும் பேப்பரையும் சேர்த்து மெல்ல நனைத்து, வாளிக்குள் வைத்துக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். திரும்பி வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“அது மருந்து ரூம் பூட்டு. உள்ள இருக்கிறது வெடிமருந்து. அதுக்குள்ள இரும்பை விட்டு உரசுறீக, அடுப்பு எரியுற வீட்டுல. பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுறவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?”

தெரியாது என்பதுதான் உண்மை. இத்தனை வருடமாக வெளியே மயில் இருப்பது மட்டுமே எனக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா ஒருவர் எப்படிப் போனார் என்பதை அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான்தான் அதையும் லேபிளையும் சேர்த்து யோசித்ததில்லை. அன்றிலிருந்து எந்தப் பூட்டும் ஒரு இரவு தண்ணீரில் ஊறாமல் எங்கள் வீட்டுக்குள் வர முடியாது.

கொல்லையில் வாளி வாளியாகப் பூட்டு ஊறுவதை தன் மொட்டைமாடியிலிருந்து எங்கள் கூரையைத் தாண்டி எட்டிப் பார்த்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஓய்வு பெற்றாலும் விசாரணை செய்வதிலிருந்து விடுபடாதவர். என்னைப் பார்த்தால் “என்ன தம்பி, சௌக்கியமா?” என்பார். மற்றவர்களிடம் “அந்த வீட்டுல எதுக்கு அம்புட்டுப் பூட்டு?” என்பார். தெருவில் கேமரா வைப்பது என்று முடிவானது. கேமரா நேராக எங்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தது. என் பங்கையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதோடு அவர் தன் வீட்டு வராந்தாவை மேல்வரை அடைத்திருக்கும் கிரில் கேட்டுக்குத் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினார்.

அவருடைய மகள் வழிப் பேரனுக்குக் காரியாபட்டிப் பக்கம் ஒரு கோயிலில் காதுகுத்து. அன்று காலை நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே பூட்டிய கிரில் கேட்டுக்கு உள்ளிருந்து ஒரு குரல்.

“அண்ணே! எண்ணே, இங்கன!”

பட்டு வேட்டியும் ஈரத் தலையுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகன் நின்றிருந்தான். முந்தைய நாள் சென்னையிலிருந்து வந்தவன். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன்.

“எல்லாரும் போயிட்டாகண்ணே. நான் குளிச்சிட்டிருந்தேன். அந்த வண்டியில இருக்கேன்னு இவுக, இந்த வண்டியில இருக்கேன்னு அவுக நெனச்சுட்டாக. பூட்டிட்டுப் போயிட்டாக.”

போனில் அப்பாவைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் மேளமும் குழந்தையின் அழுகையும்.

“திரும்பி வந்தா நல்ல நேரம் போயிரும்லே. யாரையாவது கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லு.”

“உடைக்க முடியாதுன்னுதானேப்பா இதை வாங்குனீக?”

அந்தப் பக்கம் அவர் மேளத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். “எதிர்வீட்டுத் தம்பி இருக்காரா?”

நான் ஊசிகளை எடுத்து வந்தேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. என் மனைவி வெயிலுக்குக் குடை பிடித்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், மூக்கோடு மூக்கு. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். நானும்தான். அவ்வளவு பெரிய பூட்டை நான் தொட்டதே இல்லை. கேமரா வேறு பார்த்துக்கொண்டிருந்தது. கை வியர்த்து ஊசி வழுக்கியது.

பிறகு அந்தத் தேங்காய் திறந்துகொண்டது. வெட்கமே இல்லாமல், அவ்வளவு சுலபமாக.

யாரும் கை தட்டவில்லை. அவன் மட்டும் என் கையைப் பிடித்து, “தெய்வம்ணே நீங்க” என்று சொல்லிவிட்டு ஒரு பைக்கின் பின்னால் ஏறிப் பறந்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், பிறகு திரும்பித் தங்கள் வீட்டு வாசல்களைப் பார்த்தார்கள். மத்தியானம் வரை தடுமாறியிருந்தால் என்னைக் கலைஞன் என்று சொல்லியிருப்பார்கள். டீ ஆறுவதற்குள் திறந்தது என் தப்பு.

குழந்தைக்கு நல்ல நேரத்தில் காது குத்தியாயிற்று. அந்த வாரமே தெருவில் வீடு தவறாமல் பூட்டு மாறியது. பழைய இரும்புக் கடை அம்மாள் போன் செய்தார்: “அண்ணாச்சி, உங்க தெருப் பூட்டெல்லாம் இங்கனதான் வந்து குவியுது. என்ன செஞ்சீக? சாவியோட வந்திருக்கு. சாவியைக் கழட்டிரவா?” போய் அள்ளி வந்தேன். யார் வீட்டுப் பூட்டு எது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று மனைவி தடுத்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் கோயில் பிரசாதத்தோடு வந்தார். நன்றி சொல்வார் என்று எழுந்து நின்றேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, “உங்களால தொறக்க முடியாத பூட்டு எது தம்பி?” என்றார். அந்தக் குரலில் அவ்வளவு பணிவு.

இருவரும் சேர்ந்தே ஹார்டுவேர் கடைக்குப் போனோம். அதே கடைக்காரர். ஒரு அதிகாரியோடு வந்ததால் இம்முறை எனக்கும் நாற்காலி. இருப்பதிலேயே மோசமான, அதாவது எனக்கு மோசமான, பூட்டைக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர் அதில் இரண்டு வாங்கி, ஒன்றின் சாவியைக் கழற்றிக்கொண்டு பூட்டை மட்டும் என் கையில் கொடுத்தார். “இதைத் தொறக்க முயற்சி பண்ணிக்கிட்டே இருங்க. தொறந்துட்டா என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்.”

அதிலிருந்து தினமும் காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்: “ஆச்சா தம்பி?”

“இன்னும் இல்ல சார்.”

முகம் மலர்ந்து உள்ளே போவார். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் நிம்மதியாகக் காலையை ஆரம்பிப்பவர் அவர் ஒருவர்தான். “தொறந்துட்டு இல்லேன்னு சொல்றீகளா?” என்று மனைவி கேட்கிறாள். என் பெருந்தன்மை மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சத்தியமாகத் திறக்கவில்லை. போன வாரம் டாக்டரிடம் போனபோது கொதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.