தக்காளிக்கு என்ன சீக்கு?

கடலோரத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று என் அய்யாவுக்குப் பதினெட்டு வருட வருத்தம். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயி அவர். உச்சிப்புளி அருகே இருக்கும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் வாசல் மண்ணைக் காலால் கிளறுவார், அப்புறம்தான் பேரப்பிள்ளைகளை விசாரிப்பார். "உப்புக் காத்து அடிக்கிற ஊரு. இங்கன என்னத்த முளைக்கும்?" என்பார். அது மண்ணுக்கு மட்டும் சொல்வதில்லை, கருவாடு போடும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

இந்த வருடம் அந்த வாயை அடைத்தே தீருவது என்று மொட்டை மாடியில் தக்காளி வைத்தேன். மீனுக்கு ஐஸ் போடுகிற பழைய தெர்மாகோல் பெட்டிகளில் செம்மண்ணை நிரப்பி, குடிக்க வாங்கிய நல்ல தண்ணீரையே ஊற்றினேன். காய் பிடித்தது. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை. அய்யாவுக்குப் போன் போட்டு, "பறிச்சு மாளலைய்யா, வந்து பாருங்க" என்று அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளே இலையோரம் கருக ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் காய்களின் அடியில் காசளவு கருப்பு. செடியில் பார்த்தால் மேலே பச்சைப்பசேலென்று இருக்கும், திருப்பினால் அழுகல்.

வைத்தியர்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணு பட்டிருக்கு" என்று படிகாரம் கட்டினாள். அவளுடைய மாமியார் பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்காரர். காயைத் தடவிப் பார்த்து, "எனக்குக் கால் விரலு இப்படித்தான் கருத்துச்சு. இது சுகரு" என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டுப் பாய் துபாயிலிருந்து திரும்பியவர். "அங்கெல்லாம் ஏசிக்குள்ள வளக்குறாங்கம்மா. வெயிலு ஒத்துக்கலை. துஆ செய்றேன்" என்றார். உரக்கடைக்காரர் போனில் போட்டோவைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். யார் வந்து பார்த்தாலும் என் செடிக்கு அவரவர் வீட்டு நோய்தான் வந்திருந்தது. நானும் எல்லோர் பேச்சையும் கேட்டேன். ஏசி மட்டும்தான் மாட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டேன். பூஞ்சைதான் என்று நினைத்து, புத்தி கெட்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அப்போதுதான் மீன் அமிலம் நினைவுக்கு வந்தது. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு ஊற்றினால் செடி கொழிக்கும் என்று என் வீட்டுக்காரர் யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு, தினமும் காலையில் வாளியோடு மாடியேறிக்கொண்டிருந்தார். ஒரு முழம் பூ வாங்கி வந்து பழக்கமில்லாத மனிதர், எனக்காக ஒரு வாளி நாற்றத்தைச் சுமந்துவந்ததில் நான் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

"எந்த மீன் கழிவு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம கருவாட்டுக் கொட்டகையில கிடக்குற தலையும் குடலுந்தான். பச்சைக் கழிவு ரெண்டு நாள்ல புழுத்துரும். இது உப்புல ஊறுனது, கெட்டே போகாது" என்றார் பெருமையாக.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? 

ஞாயிற்றுக்கிழமை அய்யா ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தார். "என்ன சீக்கு தாயி இது?"

ஊரைக் காப்பாற்றினால் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். "நீங்க சொன்னதுதான்ய்யா. உப்புக் காத்துக்கு எதுவும் நிக்காது" என்றேன். பதினெட்டு வருட வழக்கில் நானே தோற்றதாக எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

அய்யாவின் மீசை மலர்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆமா மாமா. நான் மட்டும் அமிலம் ஊத்தலைன்னா போன வாரமே போயிருக்கும்."

அய்யா மருமகனை முதல் தடவையாக மரியாதையோடு திரும்பிப் பார்த்தார். "அப்படியா மாப்ள? நம்ம மிளகாய்க்கு ஊத்தலாமா?"

"கேன்ல ஊத்தித் தாரேன் மாமா, கொண்டு போங்க."

இருவரும் அமிலத்தைப் பற்றிப் பேசியபடியே கீழே இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் மிளகாய்க் காடு அய்யாவின் உயிர். குழம்பு ஊற்றும்போது சொல்லிவிட்டேன்.

"காத்து இல்லைய்யா. இவரு ஊத்துனது கருவாட்டு உப்பு."

என் வீட்டுக்காரரின் கை சோற்றிலேயே நின்றது. முகம் செத்துவிட்டது. அய்யா மீன் முள்ளை நிதானமாக எடுத்து இலையோரம் வைத்தார்.

"என்னத்தையோ ஊத்திட்டுப் போறாரு. தினமும் மாடியேறி ஊத்திருக்காருல்ல?" என்றார் என்னிடம். "நான் ஒங்காத்தாளுக்கு ஒரு நா ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடுத்ததில்ல."