ஆயில் எங்கிருந்து வருதுங்க?

இன்ஜின் சத்தம் போட்டால் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம், புகை விட்டால் நிறத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். ஆயில் கசிவு மட்டும் ஓரிடத்தில் கிளம்பி வேறோர் இடத்தில் போய்ச் சொட்டும். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் குனிந்து வண்டிக்கடியில் பார்க்கிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால், நீங்கள் நம்ம ஆள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

என் பேர் அந்தோணி. பாப்பிரெட்டிப்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன். கோவிந்தசாமியின் ஜீப்புக்கு நான் இன்ஜின் மாற்றிய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்றாம் நாள் வந்த அட்டை

கோவிந்தசாமிக்கு அந்த ஜீப்தான் பிழைப்பு. சித்தேரி மலையிலிருந்து ஆட்களையும் புளி மூட்டையையும் சமயத்தில் ஆட்டுக்குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கீழே வருவார், சாயங்காலம் மளிகைச் சாமானோடு மேலே போவார். ஒருநாள் ஏற்றத்தில் பழைய இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. சேலத்துக் காயலாங்கடை ஒன்றில், அதே மாதிரி ஜீப்பிலிருந்து கழற்றிய இன்ஜினைப் பார்த்து வாங்கிவந்தோம். நன்றாகத்தான் இருந்தது. நானே தூக்கி வைத்து, நானே மாட்டினேன். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. கோவிந்தசாமி டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார்.

மூன்றாம் நாள் காலை ஜீப் திரும்பி வந்தது. இந்தமுறை பக்கத்தில் அவர் மனைவி காவேரி உட்கார்ந்திருந்தார். கையில் பிஸ்கட் பெட்டியைப் பிரித்த அட்டை ஒன்று. ராத்திரி வண்டி நின்ற இடத்தில் விரித்து வைத்திருந்தாராம். நடுவில் தோசை அளவுக்குக் கறுப்பு வட்டம். அதை என் ஸ்பேனர்களின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"பழைய இன்ஜின் ஓடல, ஆனா ஒழுகல. இது ஓடுது, ஒழுகுது. ரெண்டும் சேந்தாப்பல இருக்கற இன்ஜின் கெடைக்காதுங்களா?"

மேலே ஒன்று, கீழே ஒன்று

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மேல் மூடிக்கடியில் ஆயில் கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங் பின்பக்கம் விட்டுப்போய், அங்கிருந்து முதுகு வழியாக வழிகிறது என்று முடிவு கட்டினேன். பழைய இன்ஜின், பழைய பேக்கிங். புதிதாகப் போட்டு அனுப்பினேன். இரண்டே நாளில் அடுத்த அட்டை வந்தது. வட்டம் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கிற பின்பக்க ரப்பர் சீல்தான் என்று அடுத்த முடிவு. இதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒரு முழு நாள் முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு இறக்கினேன். சீலைச் சுற்றி ஈரம் இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாற்றி, மறுபடி ஏற்றி, கைகழுவி, கோவிந்தசாமிக்குப் போன் போட்டு, "இனிமே ஒரு சொட்டு வந்தா என் பேர மாத்திக்கிறன்" என்றேன். இந்த மாதிரி வசனங்களைச் சொல்லக்கூடாது என்று எத்தனையோ முறை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

நான்காம் நாள் கோவிந்தசாமி வந்தார். அவர் அதிர்ந்து பேசாத மனிதர். வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஜன்னல் வழியாக இன்னோர் அட்டையை நீட்டினார். பிறகு கேட்டார்:

"இனிமே உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்புடணும்ங்க?"

பவுடர் பூசிய இன்ஜின்

கசிவைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. இன்ஜினை டீசல் ஊற்றித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை எல்லாப் பக்கமும் தூவிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே முதலில் பவுடர் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. கடைத்தெருவில் பெரிய டப்பாவாக ஒன்று வாங்கிவந்து, பாதி டப்பாவை அந்த இன்ஜினுக்கே போட்டேன். பட்டறை முழுக்க மல்லிகை வாசம்.

பானெட் திறந்தபடி இருக்க, ஜீப்பில் மலைக்குப் போக வந்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நிற்கிற இன்ஜினையும், புருவம் வரை வெள்ளையாகிவிட்ட என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை போய் வந்தோம். திறந்து பார்த்தால் ஓர் இடத்தில் அல்ல, மூன்று இடத்தில் நனைந்திருந்தது. நான் புதிதாகப் போட்ட பேக்கிங்கிலும் ஈரம். கூடவே வந்து திரும்பிய அந்தப் பெரியவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"பவுடர் போட்டும் வேர்க்குதுன்னா ஒடம்புக்குள்ள என்னமோ இருக்குதுப்பா."

அவர் சொன்னதுதான் சரியான வைத்தியம். எனக்கு அது புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அதற்குள் சீலையும் பேக்கிங்கையும் இன்னொரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது செட்

தர்மபுரியில் நான் வழக்கமாக ஸ்பேர்ஸ் வாங்குகிற கடை மஞ்சுநாத்துடையது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், கல்லாவில் தமிழ் பேசுவார், கிண்டல் பண்ணும்போது இரண்டும் கலந்து வரும். அதே ஜீப்புக்கு அதே சீல், அதே பேக்கிங் என்று மூன்றாவது முறையாக நான் கேட்டபோது, எடுக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

போன தடவை கொடுத்தது டூப்ளிகேட்டா என்று நான் சந்தேகப்பட்டேன். அதைக் கேட்கவும் செய்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய சீலைக் கையில் வாங்கி, விரலால் அதன் ரப்பர் விளிம்பைச் சுற்றித் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவர் எனக்கு டீ சொல்லவில்லை.

"ஏன்ரீ அந்தோணி, அந்த ஜீப்புக்கு சீல் மாத்துறீங்களா, இல்ல தீனி போடுறீங்களா?"

ஐந்து பெண் பிள்ளைகள்

இதுவரை சிரிக்கக்கூடிய கதை. அடுத்த சனிக்கிழமை காவேரி மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். மலையிலிருந்து ஐந்து பெண் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்களாம். பரீட்சை மையம் கீழே. காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று, பரீட்சை முடிகிற வரை தாங்களே கூட்டிப்போய்க் கூட்டிவருவதாக அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் காவேரி வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற திங்கட்கிழமை முதல் பரீட்சை. முந்தின நாள் ஒரு நடையிலேயே முக்கால் லிட்டர் ஆயில் குறைந்திருந்தது. வளைவில் ஆயில் தீர்ந்து இந்த இன்ஜினும் இறுகினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு வாரமும் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் காயலாங்கடைக்காரனைத் திட்டினேன். பிறகு மஞ்சுநாத். கடைசியாக, கோவிந்தசாமி முதல் கியரில் இழுத்து இழுத்து ஓட்டுவதால்தான் இப்படி என்று அவரிடமே சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பி, இரண்டு நாளாக ஏற்றத்தில் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்தாராம். காவேரி கிளம்பும்போது கேட்டது சண்டைக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்:

"முடியலன்னா சொல்லிருங்க அந்தோணிண்ணே. வேற வண்டி பாத்துக்குங்கன்னு இன்னைக்கே போயி சொல்லிடுறன். ஞாயித்துக்கிழம சொன்னா அதுங்க என்னா பண்ணும்?"

"வண்டிய நாளைக்குக் காலையில கொண்டாங்க" என்றேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

பதினோரு அட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் போகவில்லை. ஏழு மணிக்கே இருவரும் வந்துவிட்டார்கள். காவேரி பின் சீட்டிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்து, பட்டறைத் தரையில் வரிசையாக விரித்தார். பதினோரு அட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் கிழமையும், அன்றைக்கு ஜீப் எங்கே போனது என்பதும் எழுதியிருந்தது. சந்தைக்கும் அரூருக்கும் சமதரையில் போன நாட்களில் வட்டம் இட்லி அளவு. மூட்டையோடு மலை ஏறிய நாட்களில் தட்டு அளவு. ஓர் அட்டை மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அதன் மூலையில், 'வியாழன், மலை.'

மலை ஏறியும் ஒழுகாத நாளா? "அன்னைக்கு என்னா பண்ணீங்க?" என்று கோவிந்தசாமியைக் கேட்டேன். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று காலை ஆயில் ஊற்றியவர் மூடியை வைக்க மறந்துவிட்டார். மூடி எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. வழியில் பார்த்துவிட்டு, ஊற்றுகிற வாய்மேல் துண்டைச் சும்மா போர்த்தி ஓட்டியிருக்கிறார். பானெட்டுக்குள் கொஞ்சம் தெளித்திருந்தது, கீழே ஒரு சொட்டு இல்லை. சாயங்காலமே வேறு மூடி வாங்கிப் போட்டுவிட்டார். திட்டு விழும் என்று வீட்டில் சொல்லவில்லை. காவேரி திட்டவில்லை. அந்தச் சுத்தமான அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"மூடுனா ஒழுகுது, தொறந்து வெச்சா ஒழுகல. அப்ப இதுக்கு மூச்சு முட்டுதுங்களா?"

என் கையில் இருந்தது

இருபத்திரண்டு வருஷ அனுபவம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது உள்ளே காற்று சேரும். ஏற்றத்தில் திணறும்போது இன்னும் அதிகமாகச் சேரும். அது வெளியேறத்தான் பிரீதர் என்று ஒரு குழாய் வைத்திருக்கிறான். அது அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற அழுத்தம், எந்த பேக்கிங், எந்த சீல் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறதோ அது வழியாக ஆயிலைத் தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் தள்ளும். ஆயில் அளக்கிற குச்சிகூட அடிக்கடி அரை அங்குலம் மேலே எழும்பி நின்றது. ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்த்தவன் நான்.

கோவிந்தசாமி டீ வாங்கப் போனார். காவேரி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பிரீதர் ஹோஸைக் கழற்றி, குழாய்க்குள் வளைந்த கம்பியை விட்டு இழுத்தேன். சுருட்டித் திணித்த துணி ஒன்று வந்தது. நீலக் கட்டம் போட்டது. என் பழைய லுங்கி. காயலாங்கடையிலிருந்து வந்த இன்ஜின் பட்டறையில் பத்து நாள் கிடந்தபோது, தூசி போகக்கூடாது என்று எல்லா ஓட்டைகளிலும் நான்தான் துணி அடைத்தேன். மாட்டும்போது எல்லாவற்றையும் எடுத்தேன். இது மறைவான இடம், கையால் தடவித்தான் ஹோஸை மாட்ட முடியும். துணியின் மேலேயே மாட்டியிருக்கிறேன்.

இரண்டடி தூரத்தில் கழிவு ஆயில் டிரம் இருந்தது. உள்ளே போட்டால் மூழ்கிவிடும். பிரீதரில் கரி அடைத்திருந்தது என்று சொன்னால் இருவரும் நம்புவார்கள், நன்றியும் சொல்வார்கள். டிரம்மையும் துணியையும் நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஏற்றத்தில் பயந்து பயந்து ஓட்டிய மனிதர் மூன்று டீ டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நான் துணியை நீட்டி, "இது என்னோடதுங்க. நான்தான் வெச்சு மறந்துட்டன். நீங்க ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல" என்றேன். கோவிந்தசாமி டீயை என் கையில் கொடுத்துவிட்டு, துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அவருடைய தோள் கொஞ்சம் இறங்கி, முகம் இலேசானதை நான் பார்த்தேன். காவேரி அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லுங்கி நல்லாத்தான் இருக்குது. போன வாரமே கேட்டிருந்தா நாங்களே ஒன்னு எடுத்துக் குடுத்திருப்பம்."

திங்கட்கிழமை

குழாயைச் சுத்தம் செய்து, ஹோஸைக் கண்ணால் பார்த்தே மாட்டினேன். ஞாயிறு மத்தியானமே மூட்டை ஏற்றி ஒரு முறை மலைக்குப் போய் வந்தோம். கீழே ஈரம் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர்களோடே மேலே போய்த் தங்கி, திங்கட்கிழமை விடிந்ததும் முழங்காலுக்கிடையில் இரண்டு லிட்டர் ஆயில் கேனோடு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் ஐந்து பிள்ளைகளும் புத்தகத்தை மடியில் விரித்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் தலை புத்தகத்தில் குனிந்தது. என் தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டு பின்னால் ரோட்டைப் பார்த்தது. கோவிந்தசாமி பழையபடி நிம்மதியாக ஓட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது மணி அடிக்க முக்கால் மணி நேரம் இருந்தது. பிள்ளைகள் இறங்குவதற்குள் நான் ஜீப்புக்கடியில் மல்லாந்துவிட்டேன். ஆயில் நிற்கிற சம்பின் அடி காய்ந்திருந்தது, சீல் காய்ந்திருந்தது, எல்லாம் காய்ந்திருந்தது. நம்பாமல் விரலால் தடவினேன், அப்படியும் காய்ந்துதான் இருந்தது. வெளியே தலையை நீட்டினால், ஐந்து பேரில் ஒரு பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஒன்னேகாலுக்கு முடிஞ்சிடும்ண்ணே. உங்களுக்கு எப்ப முடியும்?"

கசிவு தேடிக் களைத்திருக்கும் அன்பர்களே, இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த கோளாறுகளில் பாதி வண்டியோடு வந்தவை, மீதிப் பாதியை நானே மிகுந்த கவனத்தோடு மாட்டியிருக்கிறேன்.