மழைக் கோட்டும் மடி வேட்டியும்

முதல் தடவை நிமோனியா வந்து என் அகத்துக்காரர் பிழைத்து எழுந்தபோது, டாக்டர் முஃபீதா என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது. இவங்கள மழையில நனைய விடாதீங்க. ஈரத் துணியோட உக்கார விடவே கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டுவது எளிது. என் அகத்துக்காரருடைய தொழில் அப்படி இல்லை.

அவர் பெயர் ஸ்வாமிநாதன், எல்லாரும் வாத்தியார் என்பார்கள். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, வைதிகர். திவசம், தர்ப்பணம், பூணூல், கிரகப்பிரவேசம் என்று வீடு வீடாகப் போய்ப் பண்ணி வைப்பவர். திருநெல்வேலி ஜங்ஷனில் குடியிருந்துகொண்டு கிழக்கே சீவலப்பேரி, மேற்கே முக்கூடல் வரைக்கும் ஒரு பழைய மொபெட்டில் போய் வருவார். விடியும் முன்னால் குளித்துவிட்டு, தனிக் கொடியில் உலர்த்திய வேட்டியைக் கோலால் எடுத்துப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கிளம்புவார். அந்த வேட்டி சுத்தமில்லாத எதன் மேலும் படக்கூடாது. அதுதான் மடி. பட்டால் விழுப்பு, மறுபடி குளிக்க வேண்டும். வண்டி சீட்டின் மேல்கூடக் கம்பளித் துண்டை விரித்துத்தான் உட்காருவார், பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு இல்லை என்பதால். இவ்வளவு பார்க்கிற மனிதர் மழைக்கு மட்டும் ஒரு பாலிதீன் ஷீட்டைக் கழுத்தளவு கிழித்து மாட்டிக்கொண்டு போவார். அது காற்றில் பறக்கும், தண்ணீர் உள்ளே போகும், இவர் தொப்பலாக நனைந்து போய் நிற்பார்.

வைதிகருக்கு மூச்சுதான் மூலதனம். சடங்கு தொடங்கும்போது சொல்கிற சங்கல்ப மந்திரத்தை அவர் ஆரம்பித்தால் நடுவில் மூச்சு வாங்காமல் ஒரே இழையாகப் போகும். அர்த்தம் தெரியாதவர்கள்கூடக் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்த மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் புரட்டாசி கடைசியில், மழை பிடிக்கும் முன்னால், அவரை இழுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் ரசீத் கடைக்குப் போனேன்.

பையும் குடையும் மழைக் கோட்டும் விற்கிற கடை அது. ரசீத் அவரைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்க சாமி. மழைக் கோட்டுன்னா இப்ப எல்லாம் சட்டையும் பேன்ட்டுமாத்தான் வருது. உங்க கட்டுக்கு அது ஆகாதுல்லா" என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டிலிருந்து நீளமான கோட்டுகளை இறக்கினார்.

பேன்ட்டைப் பஞ்சகச்சத்தின் மேல் ஏற்றிப் பார்க்க என் அகத்துக்காரர் ஒரு முயற்சி செய்தார். முழங்காலோடு நின்றுவிட்டது. ரசீத் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார், நான் அடக்கவில்லை.

முதலில் எடுத்த கோட்டு பளபளவென்று இருந்தது. தையலை விரலால் பிரித்துக் காட்டி, "இது வேண்டாம் சாமி. தண்ணி துணி வழியா வராது, தையல் வழியாத்தான் வரும். பாருங்க, உள்ள டேப்பு ஒட்டல" என்றார். இரண்டாவது கோட்டுக்கு டேப் இருந்தது, ஆனால் தொப்பி சிறியது, குடுமியோடு தலை உள்ளே போகவில்லை. மூன்றாவதாக ஒன்று எடுத்தார். கருநீலம். கணுக்கால் வரை நீளம். ஜிப்புக்கு மேல் மடிப்பு, மடிப்புக்கு மேல் ஒட்டுப்பட்டை. அக்குளில் காற்றுப் போக வலை வைத்திருந்தது. கோட்டின் கையை உள்வெளியாகத் திருப்பி, நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

அவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். என் ஆயுசில் அவர் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"ஏண்டி பாகீரதி, ரொம்ப எடுப்பா இருக்கோ?"

"இருந்தா என்ன? பொண்ணு பார்க்கவா போறேள்? நனையாம இருந்தாப் போறும்."

"ஏதோ ஆபீஸர் மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

விலை கொஞ்சம் கூடுதல்தான். கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு தடவை அலசி, மடி வேட்டி உலர்த்துகிற அதே கொடியில் உலர்த்தினார். இனிமேல் தினமும் இப்படித்தான், வேட்டிக்கு என்ன மடியோ கோட்டுக்கும் அதே மடி என்று அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். அந்த ஐப்பசியில் முதல் மழைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டு உலர்ந்த வேட்டியோடு திரும்பி வந்தார். நான் சுவாமிக்கு ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினேன்.

அடுத்தது சுந்தர்ராமன் வீடு. பாளையங்கோட்டைப் பக்கம் பெரிய வீடு, வங்கியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா திவசம். சமையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நான் முன்னாலேயே ஆட்டோவில் போய்க் குளித்துவிட்டு அடுப்படியில் இருந்தேன். கொட்டுகிற மழையில் இவர் மொபெட்டில் வந்து இறங்கினார். வாசலில் கோட்டைக் கழற்றினால் உள்ளே வேட்டி மொடமொடவென்று இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுந்தர்ராமனின் மனைவி வித்யாலக்ஷ்மி மாமி வாசற்படியிலேயே மறித்தாள்.

"இதென்ன வாத்யாரே, கோட்டெல்லாம் போட்டுண்டு? யார் யாரோ தைச்சது, கடையில யார் யாரோ போட்டுப் பார்த்தது. அது மேல பட்ட வேஷ்டி எப்படி மடியாகும்?"

"அலசித் தனியா உலர்த்தினது மாமி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அது பட்டா, கம்பளியா? பாலியஸ்டர் ஓய்" என்று உள்ளே இருந்து சுந்தர்ராமன் குரல் கொடுத்தார். அவர் கட்டியிருந்த வேட்டி பாலியஸ்டர் கலப்பா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன். "மாமி, போன வருஷமெல்லாம் பாலிதீன் ஷீட்டு மாட்டிண்டு வந்தாரே, அதுவும் கடையில வாங்கினதுதானே. அப்போ ஒண்ணும் சொல்லலையே?"

"அது வேற, இது வேற. அந்த ஷீட்டுல வந்து நின்னா வைதிகர்னு பார்த்தாலே தெரியும். இது ஏதோ மோட்டார் பைக் பசங்க மாதிரின்னா இருக்கு. கிணத்தடியில ரெண்டு வாளி விட்டுண்டு வந்துடட்டும், என்ன இப்போ?"

என்ன இப்போ. வெந்நீர் வேண்டுமென்று கேட்டேன், கீசர் ஜலத்தில் குளித்தால் திவசத்துக்கு ஆகாது என்றாள். மாற்று வேட்டி பையில் இருக்கிறது என்றேன், பைக்குள் இருக்கிறதும் விழுப்புதானே என்றாள். இவர் மழையிலேயே கிணற்றடிக்குப் போய்க் கட்டியிருந்த வேட்டியோடு இரண்டு வாளி ஊற்றிக்கொண்டார். வேட்டியைப் பிழிந்து ஏழு தடவை உதறினார். ஏழு உதறு உதறினால் ஈர வேட்டி உலர்ந்ததற்குச் சமம் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாஸ்திரம் நுரையீரலுக்குத் தெரியாது. அவர் திவசம் முடியும் வரை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நாலு வேதம் படிச்சவருக்கு ஒரு வாக்கியம் வரலையா?"

"அவா மனசு ஒப்பாம பண்ணினா அவா பித்ருக்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்றார்.

வித்யாலக்ஷ்மி மாமிக்குப் போன் என்று ஒன்று இருக்கிறதே. சீவலப்பேரியிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டு, எங்களாத்துக்கு அப்படி வர வேண்டாம் என்றார். முக்கூடலில் கோட்டைப் பார்த்ததும் நேரே குழாயடியைக் காட்டினார்கள். கோட்டு போட்டுக்கொண்டு போன இடத்திலெல்லாம் குளியல். நனையாமல் இருக்க வாங்கிய கோட்டு, மழையில்லாத நாளில்கூட அவரை நனைத்தது, ஏனென்றால் வண்டியில் மடித்து வைத்திருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

"தெரு முனையிலே கழட்டிப் பெட்டிக்கடையில குடுத்துட்டுப் போங்கோ. கேட்டா இல்லேன்னு சொல்லுங்கோ" என்றேன்.

"பொய் சொல்லிட்டு எப்படிடி சங்கல்பம் சொல்றது?"

கார்த்திகை பிறந்தபோது அவர் கோட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய பாலிதீன் ஷீட்டை எடுத்துக்கொண்டார். நான் கத்தினேன், அழுதேன், ஷீட்டை ஒளித்து வைத்தேன். அவர் கடையில் இன்னொன்று வாங்கினார். முக்கூடலுக்கு ஒரு திவசத்துக்குப் போன அன்று ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு போனது, பாதி வழியிலேயே ஷீட் கிழிந்துவிட்டது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்டப் போய் நின்றவரை அந்த வீட்டில், "இதுதான் வைதிக லட்சணம்" என்று வாயாரப் புகழ்ந்து சுடச்சுடக் காப்பி கொடுத்தார்களாம். வந்து என்னிடம் அவரே சொன்னார். சொல்லும்போதே பல் கிட்டித்தது.

மறுநாள் ஜுரம். அப்புறம் ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன், டாக்டர் முஃபீதா. அவர் என்னைத் திட்டவில்லை. "சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம். இவர் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் குளிர்காலம் முடிந்து ஒருநாள் காலையில் பூஜை அறையில் உட்கார்ந்து சங்கல்பம் சொல்லிப் பார்த்தார். ஒரு அடி, நிறுத்தம். இன்னொரு அடி, இருமல். மூன்றாவது அடி வரவேயில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் பனி ஜாஸ்தி" என்றார். பனி எதுவும் இல்லை.

மாசியில் சுந்தர்ராமனின் அப்பா திவசம். மாமி போன் பண்ணி, "வாத்யாருக்கு வேற ஆள் பார்த்துட்டோம். நீ சமைக்க வந்துடு பாகீரதி, உன் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது" என்றாள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். வீட்டில் சம்பாதிக்கிற கை இப்போது என்னுடையது மட்டும் என்பதால் போனேன்.

புது வாத்தியார் கோடகநல்லூர்க்காரர், இள வயது. வீட்டு வாசலில் பெரிய காரில் வந்து இறங்கினார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். சீட்டில் துணி எதுவும் விரித்திருக்கவில்லை. பின் சீட்டில் டிரைவரின் சட்டையும் யாரோ குழந்தையின் பொம்மையும் கிடந்தன. மாமி ஓடிப்போய், "வாங்கோ வாங்கோ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு வந்து நேரே மணையைக் காட்டினாள். கிணற்றடிப் பேச்சே வரவில்லை.

மாமி அடுப்படிக்குள் வந்ததும் கேட்டேன். "கார் சீட்டு பட்டா, கம்பளியா மாமி? அவர் குளிக்க வேண்டாமா?"

எனக்குச் சண்டை வேண்டியிருந்தது. அவளுக்குக் கோபம் வரும், இல்லை முகமாவது சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தோளருகில் வந்து, வெகு சகஜமாக, குரலைக்கூடத் தணிக்காமல் சொன்னாள்.

"அவர்கிட்ட அதெல்லாம் சொல்ல முடியுமோடி? ஒரு வார்த்தை சொன்னா அப்படியே காரைத் திருப்பிண்டு போயிடுவார். உங்காத்துக்காரர்னா, சொன்னாக் கேட்டுப்பார்."

அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை மாமியின் கையில் கொடுத்தேன். அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். "அதுக்குள்ளே முடிஞ்சுடுத்தா?" என்றார். இவ்வளவு சொல்லவே இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "மாமி என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளோ?"

"கேட்டா. நீங்கன்னா சொன்னாக் கேட்டுப்பேள்னு சொன்னா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லை, மறக்கலை" என்றார்.