மிச்சம் பதினைந்து மார்க்

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் என் மொழிபெயர்ப்புக் கடைக்கு இன்று ஒரு போர்ச்சுகீசிய மார்க் ஷீட் வந்தது.

கொண்டு வந்தவர் தென்காசிக்காரர். லிஸ்பனில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. கூட வந்த மகள் பிளஸ் ஒன் சேரப்போகிறாள்.

கணக்கில் இருபதுக்குப் பதினேழு.

"அங்க பதினேழுன்னா பெரிய விஷயம் மேடம். டீச்சரே கூப்பிட்டுப் பாராட்டுனாங்க. அன்னைக்கு கேக் வெட்டுனோம்" என்றார். மகள் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆங்கிலத்திலும் 17/20 என்றே அடித்தேன்.

"ஸ்கூல்ல சதவீதம் கேக்குறாங்க மேடம். அதையும் போட்டுருங்க."

போட்டேன். எண்பத்தைந்து. அங்கே இருபது வாங்குவது அபூர்வம் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன். அதை யாரும் படிக்கப்போவதில்லை.

பிரிண்டை வாங்கிப் பார்த்தவர் மகள் பக்கம் திரும்பினார்.

"மிச்சம் பதினஞ்சு எங்க போச்சு?"

"அதே மார்க்தான்ப்பா. நீங்கதான கேக் வாங்கினீங்க."

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

விமானம் இறங்கி ஒரு மாதம் ஆனாலும், மனிதர் முழுசாக ஊர் வந்து சேர்ந்தது இன்று என் கடையில்தான்.

அந்த மிச்ச மார்க்கெல்லாம் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு இன்னும் என் பத்தாம் வகுப்புக் கணக்கே பாக்கி இருக்கிறது.