வடகிழக்கு மூலையில் லலிதாம்பாள்

இது நிஜமாகவே நடந்தது. நம்பாதவர்கள் ஹைதராபாத் அல்வாலுக்குப் போய் சர்வேயர் இருதயராஜைக் கேட்கலாம். நன்றாகப் பேசுவார், டீயும் வாங்கித் தருவார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மட்டும் போகாதீர்கள். அப்போது வாயைத் திறக்க மாட்டார்.

மனுஷன் கெட்டவர் இல்லை, சோம்பேறி. 2008-ல், அரசு நிலத்தில் குடியிருப்பவர்களுக்கே பட்டா என்று சர்க்கார் எழுதித் தள்ளிய நாட்களில், ஒரே நாளில் நாற்பது வரைபடம் கேட்டார்கள். இடத்தைப் போய்ப் பார்க்காமலே, இரானி ஓட்டலில் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். அதில் ஒன்று லலிதாம்பாளின் இருநூறு கஜம். 1986-ல் பத்திரம் போட்டு வாங்கிய மனை. கணவரின் வைத்தியத்துக்காகச் சென்னை போனபோது, நாகம்மா என்பவளைக் காவலுக்கு வைத்து, தங்க ஒரு கொட்டகையும் போட்டுக் கொடுத்திருந்தார். 'அரசு நிலம், பன்னிரண்டு வருடக் குடியிருப்பு' என்று இருதயராஜ் எழுதிய ஒரே வரியில் மனை நாகம்மா பேருக்குப் போய்விட்டது. கணவரைப் பறிகொடுத்துத் திரும்பிய லலிதாம்பாளுக்கு நிலமும் இல்லை.

கேஸ் போட்டார். தப்பாக வரைந்த ஆளே மறுபடி அளந்து உண்மையை எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு வயதில் அந்த அம்மாள் நடையாய் நடந்தார். இருதயராஜ் இன்று போய் நாளை வா என்றே காலத்தை ஓட்டினார். கடைசியில், 2011 ஏப்ரல் பதினெட்டாம் தேதி, மனசு இளகியது.

"மே எட்டு, ஞாயித்துக்கிழமை, ஒன்றரை மணி. நீங்களும் வந்துடுங்கம்மா. அளக்கும்போது எல்லைக்கல்லுகிட்ட நிலத்துக்காரங்க நிக்கணும்."

"நிக்கறேன்," என்றார் லலிதாம்பாள்.

மே எட்டு. மணி 1.28. தெருவில் ஈ காக்கை இல்லை. இருதயராஜ் ஸ்கூட்டரை நிறுத்தியபோது லலிதாம்பாள் ஏற்கெனவே வடகிழக்கு மூலையில் நின்றிருந்தார். கையில் குடை. விரிக்கவில்லை. கொதிக்கிற பாறையில் வெறுங்கால்.

"வெயில்ல ஏன்மா? அந்த மரத்தடியில நில்லுங்க."

"நீதானே இங்க நிக்கச் சொன்னே? டேப்பைக் குடு, பிடிச்சுக்கறேன்."

நுனியைப் பிடித்துக்கொண்டார். இருதயராஜ் சுருளோடு பின்னால் நடந்தார். சர்ர்ர்... அறுபது அடி. இருபத்தைந்து வருடத் தொழிலில் அவர் பார்க்காத ஒன்று. டேப் நடுவில் துளிகூடத் தொய்யவில்லை. அந்த வயசில் என்ன பிடி!

மணி 1.41. கொட்டகைக் கதவு திறந்தது. நாகம்மா எட்டிப் பார்த்தாள். முதலில் இருதயராஜை. பிறகு அந்த மூலையை...

படார்! கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

குற்றமுள்ள நெஞ்சு, என்று நினைத்துக்கொண்டார் இருதயராஜ்.

2.10-க்கு வரைபடம் முடிந்தது. கூட நின்றவரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். நீட்டினார். அம்மாள் தமிழில், நிதானமாக, போட்டார். விரல் பட்டது.

ஜில்லென்று...

மே மாதத்தில்.

"இப்ப என் பேர் இருக்கோ அதுல?"

"ஹவ், இருக்கும்மா." "என்னை மன்னிச்சிடுங்க."

வரைபடத்தைச் சுருட்டினார். நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

மறுநாள் சனத்நகரில் லலிதாம்பாளின் மகள் பத்மப்ரியாவிடம் வரைபடத்தைக் கொடுத்தார். அவள் அதிலிருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... அம்மா போன மாசம் குட் ஃப்ரைடே அன்னிக்கே போயிட்டாங்க. நாகம்மாகூட வந்து அழுதுட்டுப் போனா."

இருதயராஜ் நடந்ததை எல்லாம் சொன்னார். நம்பினாளோ இல்லையோ, அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரொம்ப நேரம் வெயில்ல நின்னாங்களா?"

கோர்ட்டில் அந்தக் காகிதம் எடுபடவில்லை. செத்தவள் கையெழுத்து எப்படி வரும்? ஒரு தடவை பொய் எழுதியவர், இரண்டாம் தடவையும் எழுதினார் என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக அளந்த இருதயராஜ் தலை குனிந்து வெளியே வந்தார். பட்டா நாகம்மாவுக்கே நிலைத்தது.

2013 ஜனவரியில் நாகம்மா அவரைத் தேடி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"எனக்கு அந்த நிலம் நக்கோ சார், வேணாம். பத்மப்ரியா பாப்பா பேருக்கே எழுதிடுங்க, நான் கைநாட்டு வெக்கிறேன்."

"என்ன ஆச்சு?"

"அம்மா டெய்லி வராங்க சார். ஒன்றரை மணிக்கு. அந்த மூலையில நிக்கிறாங்க. திட்டினாக்கூட தேவலை... ஒண்ணும் பேசல. நீங்க வர்ற ரோட்டையே பாத்துட்டு நிக்கிறாங்க."

இருதயராஜ் அன்றே பத்மப்ரியாவை அழைத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார். கிளார்க் பட்டாவைப் புரட்டி, அரசு நிலம் பெற்றவர்களுக்கான கடைசி நிபந்தனையில் விரலை வைத்தான்.

இந்த நிலத்தை விற்கவோ, வேறு யார் பேருக்கும் மாற்றவோ எக்காலத்திலும் முடியாது.